கோலிக்குண்டு உருளும் சத்தம்: டெல்டாவில் பக்கியைத் தேடிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

சிமெண்டுத் தரையில் ஒரு கோலிக்குண்டை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். டக்... டக்.. டக். டக்டக்டர்ர்ர் என்று இடைவெளி குறுகிக்கொண்டே வந்து கடைசியில் உருண்டு அடங்கும். இருட்டின பிறகு உங்கள் ஊர்க் கொல்லைப் பக்கமிருந்து இந்தச் சத்தம் வந்திருந்தால் பக்கி என்ற ராத்திரிப் பறவை உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான், முகம்தான் தெரியாது. அந்த முகத்தைப் பார்க்கும் வழியை, ஆறு வருடம் தப்புத்தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதை வைத்து எழுதுகிறேன்.

முதல் தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூடியூப்பில் பக்கியின் ஆங்கிலப் பெயரான 'நைட்ஜார்' என்று தேடி, முதலில் வந்த ஒலிப்பதிவை நாலு நாள் காதில் மாட்டிக்கொண்டு மனப்பாடம் செய்தேன். அது ஐரோப்பியப் பக்கி. இங்கிலாந்தில் 'ஹீத்' என்று சொல்லும் குட்டைப்புதர் மண்டிய தரிசில் கோடையில் முட்டையிட்டு, குளிருக்கு ஆப்பிரிக்கா போய்விடும் பறவை. தையல் மிஷினை நிறுத்தாமல் மிதித்த மாதிரி நிமிடக்கணக்கில் ஒரே ர்ர்ர்ர் என்று ஓடும் அதன் குரல். இந்தியாவின் வடமேற்கு ஓரமாக வலசையில் கடந்துபோவதோடு சரி, காவிரிப் பக்கம் அதற்கு வேலையே இல்லை. அந்த மிஷின் சத்தத்தை எதிர்பார்த்து ஒரு மாசி மாதம் முழுக்க ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு முந்திரிக்கொல்லை ஓரத்தில் கொசுக்கடி வாங்கினேன். இருபதடி தள்ளி கோலிக்குண்டு உருண்டுகொண்டே இருந்தது. ஏதோ தவளை என்று விட்டுவிட்டேன்.

நம் ஊர்ப் பறவை இந்தியப் பக்கி. புத்தகத்தில் கேப்ரிமுல்கஸ் ஏசியாட்டிகஸ் என்று இருக்கும், 1790இல் லேதம் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் வைத்த பெயர். பட்சிதான் நாட்டு வாயில் பக்கியானது. ஆனால் பக்கி என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது 'சாப்பாட்டுப் பக்கி'தான். வாயைத் திறந்த பக்கியின் படத்தை ஒருமுறை பார்த்தால் அந்த வசவு சரியான ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தோன்றும். அலகு என்று பார்த்தால் நகத்துணுக்கு அளவுதான் இருக்கும், வாயோ கண்ணுக்குக் கீழ்வரை பிளக்கும்.

எங்கே போவது

டெல்டா என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் என்று நினைக்கிறவர்கள் இதில் தோற்றுவிடுவார்கள். தண்ணீர் நிற்கும் வயலில் பக்கிக்கு உட்கார இடமில்லை. அதற்குத் தேவை காய்ந்த, வெறும் தரை. அங்கங்கே புதர், மேலே திறந்த வானம், சுற்றிலும் பூச்சி. ஊரில் யாரையாவது கேட்டால் 'அது சும்மா கெடக்குற எடம்' என்பார்களே, அந்த இடம்தான்.

தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கத்துச் செம்புரைக்கல் மேடு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துச் செம்மண் கொல்லைகள், முந்திரித் தோப்புகளின் ஓரம், கடலோரத்துச் சவுக்குத் தோப்பு, கருவைக்காடு, கொள்ளிடக் கரையோர மணல் திட்டு, வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரையுள்ள மணல்மேடு எல்லாமே பக்கிக்கு ஏற்ற தரைதான். 1934இல் மேட்டூர் அணையோடு கல்லணைக் கால்வாயும் வந்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலத்திலும் நெல் ஏறியது. ஆனால் வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேடு இன்னும் கொல்லையாகவே இருக்கிறது, அங்கேதான் நான் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். பழைய டெல்டாவின் நடுவே, கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் இருக்கிறவர்கள் வருத்தப்பட வேண்டாம். சம்பா அறுப்பு முடிந்து உளுந்தும் எடுத்த பிறகு சித்திரை, வைகாசியில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் வயல்கூடப் பக்கிக்குப் போதும், பக்கத்தில் ஒரு திடலோ சுடுகாட்டுப் புதரோ இருந்தால்.

கோடியக்கரை ஆசை எல்லோருக்கும் வரும். 1967இல் சரணாலயமாக அறிவித்த இடம், இருட்டிய பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். எனக்குத் தெரிந்து அதற்கு அவசியமும் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய ஒரு தரிசைத் தேர்ந்தெடுங்கள். ஒரே இடத்துக்குப் பத்து தடவை போவது, பத்து இடத்துக்கு ஒரு தடவை போவதைவிட நூறு மடங்கு பலன் தரும்.

பகலில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கிணறு எங்கே, முள்வேலி எங்கே, நாய் யார் வீட்டு நாய் என்று தெரிந்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணறு கொல்லைப் பக்கம் நிறைய உண்டு. அப்படியே டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. இரவில் டார்ச்சும் பைனாகுலருமாக மோட்டார் கொட்டகைப் பக்கம் நிற்கிற ஆளை ஊர் எப்படிப் பார்க்கும்? என்னை ஒருமுறை நாலு பேர் சுற்றி நின்று, "அண்ணே, நீங்க மோட்டார் ஒயர் அறுக்க வந்தீங்களா, மணல் வண்டி புடிக்க வந்தீங்களா, அதை மட்டும் சொல்லிருங்க" என்று கேட்டார்கள். குருவி பார்க்க வந்தேன் என்றதை யாரும் நம்பவில்லை. நல்லவேளையாக அந்த நேரம் பார்த்துப் பக்கி கத்தியது.

எப்போது போவது

என் கணக்கில் மாசி தொடங்கி ஆனி வரை நல்ல காலம். இந்தியப் பக்கியின் முட்டைக் காலம் ஏறத்தாழ பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை என்பதால் குரலும் அப்போதுதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பறவை ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை, கத்துவதுதான் குறைகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த மாதங்களில் போய் மனமுடைந்து திரும்ப வேண்டாம்.

நாளைத் தேர்ந்தெடுக்க நாள்காட்டியில் பிறை பாருங்கள். நிலா வெளிச்சத்தில்தான் பக்கிக்கு இரை நன்றாகத் தெரியும், கத்துவதும் அப்போது கூடும். வளர்பிறை அஷ்டமியிலிருந்து பௌர்ணமி வரை வசதி, ஏனென்றால் சூரியன் மறையும்போதே நிலா மேலே நிற்கும். பௌர்ணமி கழிந்துவிட்டால் நிலா ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளித் தள்ளி எழும், நீங்களும் அவ்வளவு நேரம் கூடுதலாக இருட்டில் உட்கார வேண்டியிருக்கும். அமாவாசையில் கேட்காது என்று இல்லை, அந்தியில் அரை மணி, விடியலில் அரை மணி நேரம் கிடைக்கும், நடுவில் நீண்ட மௌனம்.

நேரம் என்று பார்த்தால், சூரியன் மறைந்து பதினைந்து இருபது நிமிடத்தில் முதல் குரல். சித்திரையில் நம் பக்கம் ஆறரைக்குச் சற்று முன்னால் சூரியன் விழும் என்பதால் ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். காக்கை அடையப் போய், கரிச்சான் கடைசியாக ஒரு சத்தம் போட்டு, மேற்கே செம்மை வெளுத்து, எதிரே இருக்கும் பனைமரம் கறுப்பாக மட்டும் தெரிகிற அந்தப் பொழுதுதான் எனக்குக் கணக்கு. காற்று பலமாக அடிக்கும் நாளில் போகாதீர்கள், குறிப்பாக ஆடிக்காற்றில். சத்தமும் கேட்காது, பூச்சியும் பறக்காது. கோடைமழை பெய்து விட்ட மறுநாள் சாயங்காலம் ஈசல் கிளம்பும். அன்றைக்கு வேறு எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போங்கள்.

என்ன எடுத்துக்கொள்வது

பட்டியல் பெரிதாக வேண்டாம். கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் சட்டை, தண்ணீர், கொசு மருந்து, நல்ல டார்ச். முதல் இரண்டை யாரும் மதிப்பதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பக்கிக்குப் பிடித்த அதே தரைதான் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டைக்கும் பிடிக்கும், கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். செருப்போடு போகாதீர்கள், கையை ஊன்றி உட்காராதீர்கள், நடக்கும்போது டார்ச் எரிந்தே ஆக வேண்டும். தனியாகவும் போகாதீர்கள். கடி பட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம், 108ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனை.

பைனாகுலர் இருந்தால் 8க்கு 42 என்று போட்டிருப்பது அந்தியில் உதவும். 10க்கு 25 என்ற குட்டி வகை பகலில் சரி, மங்கலில் இருட்டுக்குழல்தான். கணக்கு சுலபம்: பின்னால் உள்ள எண்ணை முன்னால் உள்ள எண்ணால் வகுங்கள். முதலாவதற்கு ஐந்து சொச்சம், இரண்டாவதற்கு இரண்டரை. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். இருட்டில் விரிந்திருக்கும் நம் கண்மணிக்கு இரண்டரை போதாது. பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் முதல் இரண்டு வருடம் வெறுங்கண்ணோடுதான் பார்த்தேன்.

டார்ச் வெளிச்சத்தைக் குறைக்க, பொக்கே கட்டும் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். பறவைக்கும் தொந்தரவு குறையும், இருட்டுக்குப் பழகின உங்கள் கண்ணும் கெடாது. அது உட்கார்ந்து பார்க்கும்போதுதான், நடக்கும்போது கழற்றிவிடுங்கள்.

உட்கார்ந்து காதைக் கொடுப்பது

இடத்துக்குப் போனதும் முதல் அரை மணி நேரம் டார்ச், போன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். பின்னால் ஒரு மரமோ புதரோ இருக்கட்டும், முன்னால் மேற்கு வானம் திறந்திருக்கட்டும். வெளுத்த வானத்தில்தான் நிழலுருவம் தெரியும். கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் தலைக்கு மேல் பறந்தாலும் தெரியாது.

இரவுக் கொல்லையின் சத்தங்களைப் பிரித்தறிய ஒரு வாரம் ஆகும். முதலில் காதில் விழுவது பெரும்பாலும் ஆட்காட்டி, அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, யார் நடந்தாலும் ஊரையே கூட்டும். புள்ளி ஆந்தை இரண்டு மூன்று சேர்ந்து மாமியார் மருமகள் சண்டை மாதிரி கிறீச்சிடும். கூகை சத்தம் சீலையைக் கிழித்த மாதிரி. வயல் பக்கம் வானத்தில் போகிறபோக்கில் ஒற்றையாக 'வக்' என்றால் வக்கா, பெயரே அதுதான். இவற்றில் எதுவும் பக்கியோடு குழம்பாது.

குழப்புவது கண்கிலேடி. பெரிய மஞ்சள் கண்ணும் தடித்த முழங்காலுமாகப் பகலில் புதர் நிழலில் நின்றுகொண்டே இருக்கும், அந்தி சாய்ந்ததும் அதே தரிசில் உலாவும். அதன் குரலும் தொடராக, வேகம் கூடிக்கூடி வரும். ஆனால் அது விசில், உரக்க, அழுவதுபோல ஏறும். பக்கியின் குரலில் விசில் கிடையாது, எல்லாம் தட்டுதான். இன்னொரு வித்தியாசம், கோலிக்குண்டு நாலைந்து தட்டில் முடிந்து, சில நொடி விட்டு, மறுபடி முதலிலிருந்து விழும்.

பக்கியிலேயே வேறு வகைகள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, அவற்றையும் கண்ணைவிடக் காதால் பிரிப்பதுதான் சுலபம். காட்டுப்பக்கி ஒரே சீராக, வேகம் மாறாமல் சக், சக், சக் என்று அடித்துக்கொண்டே போகும், உருளாது. ஜெர்டன் பக்கி என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள நீளவால் பக்கி, காலியான மரப்பெட்டியைக் கட்டையால் தட்டிய மாதிரி அதிர்வோடு கேட்கும். சவானா பக்கி பறந்துகொண்டே 'ச்வீப்' என்று ஒற்றை ஒலி விடும், அதன் ஆணுக்கு வாலின் வெளி இறகு பெரும்பாலும் வெள்ளை. டெல்டாக் கொல்லையில் எனக்குக் கிடைத்தது எல்லாமே உருளும் குண்டுதான். வேறு மாதிரிக் கேட்டால் உடனே போனில் பதிவுசெய்யுங்கள். போனை ஒரு கல்மேல் வைத்துவிட்டு விலகுங்கள், கையில் பிடித்தால் சட்டை உரசுவதுதான் பதிவாகும்.

ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வரவழைப்பது பற்றி ஒரு வார்த்தை. நான் செய்வதில்லை. அது கத்துவதே தன் எல்லையைச் சொல்லிக்கொள்ளத்தான். எதிராளி வந்துவிட்டான் என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு வந்து சுற்றும். நம்முடைய ஐந்து நிமிடச் சந்தோஷத்துக்கு அதன் அரை ராத்திரி போகும். வீட்டில் பழகிக்கொள்ளக் கேளுங்கள், பறவைக் குரல்களைச் சேர்த்துவைக்கும் சேனோ-கான்டோ இணையதளத்தில் வகை வாரியாக இருக்கிறது. கொல்லைக்குப் போனால் போன் ஊமையாக இருக்கட்டும்.

பார்ப்பது

முதல் குரல் வந்ததும் எழுந்து ஓடாதீர்கள். பெரும்பாலும் அது தரையிலோ, குட்டைக் கல்லிலோ, வேலிக் கால் மேலோ இருந்து கத்தும், சற்று நேரத்தில் தானே கிளம்பும். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே தரையிலிருந்து ஏதோ காய்ந்த தேக்கிலை காற்றில் எழும்புவதுபோல ஒன்று எழும்பும், ஆனால் காற்றே இருக்காது. இரண்டு மூன்று மெதுவான சிறகடிப்பு, ஒரு மிதப்பு, சட்டென்று ஒரு திரும்பல். சத்தமே இருக்காது. வௌவால் என்றுதான் முதலில் தோன்றும். வௌவாலின் பறப்பில் ஒரு பதற்றம் உண்டு, இதில் அது கிடையாது. நீளமான இறக்கை, நீளமான வால், இறக்கை நுனிக்குச் சற்று உள்ளே ஒரு வெள்ளைப் பொட்டு மின்னி மறையும். வால் ஓரங்களிலும் வெள்ளை முனை தெரியும், பறவை திரும்பும்போது.

கண்ணின் மினுக்கத்தை வைத்துத் தேடுவதுதான் அடுத்த கட்டம். டார்ச்சை இடுப்பில் பிடித்து அடித்தால் ஒன்றும் தெரியாது. கண்ணின் உள்ளே இருக்கும் பிரதிபலிக்கும் படலம், வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும், ஆகவே உங்கள் கண் டார்ச்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கன்னத்தோடு ஒட்டிப் பிடியுங்கள், அல்லது தலையில் மாட்டும் விளக்கு. தரையை ஒட்டி மெதுவாக வீசிக்கொண்டே வாருங்கள். புல்லுக்குள் பச்சை நீலமாகப் பனித்துளி மாதிரி நூறு பொடிப்புள்ளி மின்னும், அதெல்லாம் சிலந்தி. பூனைக்கும் மாட்டுக்கும் பச்சை. சிகரெட் கங்கு மாதிரி, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், அசையாமல் ஒரு சிவப்பு தெரிந்தால் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், அது நம் ஆள். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தால் ஒரு கண்தான் தெரியும்.

தெரிந்ததும் வெளிச்சத்தை அதன்மேல் நிறுத்தாதீர்கள், சற்றுப் பக்கத்தில் விழும்படி சாயுங்கள். பத்து நொடி பார்த்துவிட்டு அணையுங்கள். கண்கூசி உட்கார்ந்திருக்கும் பறவையை 'எவ்வளவு சாதுவா இருக்கு பாரு' என்று நெருங்கிப்போய் போனில் படமெடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதுவெல்லாம் இல்லை, அதற்கு அந்த நேரம் கண் தெரியவில்லை.

அந்தப் பத்து நொடியில் என்ன பார்ப்பது? மைனா அளவு, ஏறக்குறைய 24 செ.மீ., ஆனால் தலை பெரிது, கழுத்தே இல்லாததுபோலத் தரையோடு பரவிக் கிடக்கும். உச்சந்தலையில் கறுப்புக் கோடுகள். பிடரியில் வெளிர்ச் செம்பழுப்பில் அகலமான ஒரு பட்டை, இதுதான் இந்தியப் பக்கிக்கு நல்ல அடையாளம். தொண்டையின் இரு பக்கமும் சிறு வெள்ளைத் திட்டு. மற்றதெல்லாம் சாம்பலும் மரத்தூளும் காய்ந்த இலையும் கலந்த நிறம்.

இதையெல்லாம் கையில் வைத்து நிதானமாகப் பார்த்த ஒரே நாள் ஒரு விடியற்காலை. பட்டுக்கோட்டைச் சாலையில் ஏதோ வண்டி அடித்துப்போட்ட பக்கி, இன்னும் விறைக்கவில்லை. எடையே இல்லை, பஞ்சுப்பொதி. இறக்கையின் ஓரத்தைத் தடவினால் வெல்வெட் துணி ஓரம் பிரிந்து நூலாகத் தொங்குவதுபோல ஒரு மென்மை, பறக்கும்போது சத்தம் வராததற்கு இதுதான் காரணம். வாயைச் சுற்றி மீசை மாதிரி விறைப்பான முடி இறகுகள். கால் இத்துணூண்டு, நடக்கவே லாயக்கில்லை. நடுவிரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதன் உள்ஓரத்தில் ஈர்கொல்லிச் சீப்பு மாதிரி வரிசையாகப் பல். இறகு கோத அது. அப்பாயி பேன் பார்க்கும் மரச்சீப்பை நுணுக்கிச் செய்து நகத்தில் ஒட்டின மாதிரி இருந்தது. புதருக்கடியில் வைத்துவிட்டு வந்தேன், காட்டுயிர் எதையும், இறகைக்கூட, வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது.

அப்பாயி பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பட்சி பறந்தால் கைக்குழந்தையை வாசலில் வைத்திருக்க விடமாட்டாள், பட்சி தோஷம் பிடிக்குமாம், பிள்ளை இளைத்துப்போகுமாம். வெள்ளைக்காரனுக்கும் இந்தப் பறவை மேல் ஒரு புகார் இருந்தது, ஆட்டுமடியில் பால் குடிக்கிறது என்று. கேப்ரிமுல்கஸ் என்ற பெயருக்கே ஆட்டுப்பால் கறப்பவன் என்றுதான் அர்த்தம், அரிஸ்டாட்டில் காலத்துக் கதை அது. இந்தக் கதை எங்கே முளைத்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது ஒரு கிடையில்தான். கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டிவந்து நம் வயலில் கிடை போடுவார்களே, அப்படி ஒரு கிடைக்குப் பக்கத்தில் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கிகள் பட்டியைச் சுற்றி முழங்கால் உயரத்தில், ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே புகுந்து புகுந்து பறந்தன. தூரத்திலிருந்து பார்க்கிறவன் மடிக்குத்தான் வருகிறது என்று சத்தியம் செய்வான். கீதாரியிடம் கேட்டேன். "பாலுமில்ல ஒண்ணுமில்ல தம்பி, புழுக்கைக்கு வண்டு வருது, வண்டுக்கு இது வருது" என்றார், பீடியை எடுக்காமலே. இரண்டாயிரம் வருடத்துப் புகாரை ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டார். கோடையில் உங்கள் ஊரில் கிடை கிடந்தால் விடாதீர்கள், அதைவிட நல்ல இடம் கிடையாது. கீதாரியிடம் கேட்டுக்கொண்டு, நாய்க்கு அறிமுகமாகிக்கொண்டு உட்காருங்கள்.

ரோட்டில் பார்ப்பது

நடந்து தேட முடியாதவர்களுக்கு இது. பகல் வெயிலில் காய்ந்த தார்ரோடும் செம்மண் ரோடும் இரவில் கொஞ்ச நேரம் சூடாக இருக்கும், பக்கி வந்து நடுரோட்டில் உட்கார்ந்துகொள்ளும், மேலே போகும் பூச்சியைப் பார்த்து எழும்பிப் பிடித்துவிட்டுத் திரும்ப வந்து உட்காரும். பைக்கில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், போக்குவரத்து இல்லாத கிராமச் சாலையில், இரவு எட்டிலிருந்து பத்துக்குள் போங்கள். ஹெட்லைட் ஒளியின் கடைசியில் சிவப்புக் கங்கு தெரிந்தால் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். வண்டி கிட்டத்தில் வரும்வரை அசையாது, கடைசி நொடியில்தான் எழும்பும். அந்தக் கடைசி நொடியைத் தவறவிட்டதால்தான் அன்று என் கைக்கு வந்த பக்கி செத்தது. பின்னால் வேறு வண்டி வருகிறது என்றால் பார்ப்பதை விட்டுவிட்டு ஹாரன் அடித்துக் கிளப்பிவிடுங்கள்.

பகலில் கண்ணில் பட்டால்

தேடிப்போகாதீர்கள், அதுதான் விதி. முந்திரிச் சருகில் உட்கார்ந்திருக்கும் பக்கியை மூன்றடியில் நின்றுகூட நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். கண்ணைக் கோடுபோல மூடி, நிறத்தை நம்பி, மிதிபடும் தூரம் வரும்வரை அப்படியே இருக்கும். முட்டையோ, கூடு எதுவும் கட்டாமல், வெறும் தரையில், பெரும்பாலும் இரண்டு. வெளிர் இளஞ்சிவப்பில் செம்பழுப்புத் திட்டுகள். கொல்லையில் தேடி நடந்தால் பார்ப்பதற்கு முன் மிதித்துவிடுவீர்கள்.

தற்செயலாகக் காலடியிலிருந்து ஒன்று எழும்பி, கொஞ்ச தூரத்தில் இறக்கை ஒடிந்த மாதிரி தரையில் தத்தளித்தால், அது நாடகம். முட்டையோ குஞ்சோ உங்கள் காலருகில் இருக்கிறது. குனிந்து தேடாமல் வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வாருங்கள். படம் எடுத்தாலும் இடத்தை எங்கும் போடாதீர்கள். நாயும் கீரியும் மனித வாடையைப் பிடித்துக்கொண்டு வரலாம், மனிதர்கள் இடத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

எழுதிவைப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பிறை, சூரியன் மறைந்த நேரம், முதல் குரல் வந்த நேரம், எத்தனை குரல், காற்று எப்படி, தரையில் என்ன பயிர் அல்லது என்ன தரிசு. கேட்காத நாளையும் 'இல்லை' என்று எழுதுங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பறவை ஒரே நேரத்தில் கத்தினால்தான் இரண்டு என்று கணக்கு, மாறிமாறிக் கேட்டால் ஒன்றே இடம் மாறியிருக்கலாம். பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு தளத்தில் பதிவிட்டால் மற்றவர்களுக்கும் உதவும். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பெரும்பாலானவர்கள் பகலோடு நிறுத்திவிடுகிறார்கள், மாட்டுப்பொங்கல் அன்று சாயங்காலம் அரை மணி நேரம் கொல்லையில் உட்கார்ந்தால் அந்த ஊர்ப் பட்டியலில் பக்கியும் சேரும். தை மாதம் சற்று அமைதியான காலம்தான், கிடைத்தால் லாபம்.

என் நோட்டில் முதல் மூன்று வருடம் அந்த முந்திரிக்கொல்லையின் பெயர்தான் இருக்கும். நாலாம் வருடம் மரத்தையெல்லாம் வெட்டி, கப்பி ரோடு போட்டு, மஞ்சள் கல் நட்டு மனைப்பிரிவு ஆக்கினார்கள். முடிந்தது என்று நினைத்துச் சும்மா ஒரு பங்குனி நிலாவில் போய் நின்றேன். விற்காத மனைகளுக்கு நடுவே, வெயிலில் காய்ந்த புது ரோட்டில், ஒரு எல்லைக்கல் மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. நோட்டில் இடம் என்ற கட்டத்தில் 'மூன்றாம் குறுக்குத்தெரு' என்று எழுதினேன். இப்போது அங்கே நாலு வீடு வந்துவிட்டது, இரண்டாம் தெருவரை தெருவிளக்கும் வந்துவிட்டது. போன மாசியில் மூன்றாம் தெருவில் ஒன்று கேட்டது, ஆறு நாற்பத்தெட்டுக்கு.